காரத்துக்கும் ஊர் உண்டு

தென்மாவட்டத்து நெடுஞ்சாலை உணவகங்களில் காரசாரமான கறி எதுவானாலும் பெரும்பாலும் ‘செட்டிநாடு’ என்றே எழுதி வைக்கிறார்கள். செட்டிநாட்டுக் கைப்பக்குவம் போற்றத்தக்கதுதான். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கும் ராஜபாளையத்துக் காரத்துக்கென்று ஒரு மண்ணும் ஒரு வரலாறும் உண்டு. அதை அதன் ஊர்ப்பேராலேயே அழைப்பதுதான் முறை.

விஜயநகர ஆட்சிக் காலத்தை ஒட்டித் தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே வந்தவர்களின் வழியினர் இவ்வூர் ராஜுக்கள். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்ட பூ.ச. குமாரசுவாமி ராஜா இவ்வூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, வீதியில் தமிழ் என்று தலைமுறைகளாக வாழ்பவை ராஜுக் குடும்பங்கள். அடுக்களையிலும் அந்த இரண்டு நாட்டுச் சுவையும் கலந்திருக்கிறது.

மாங்காயும் கடுகும்

சித்திரை பிறந்துவிட்டால் இங்கே மாங்காய்க் காலம். மலையடிவாரத் தோப்புகளிலிருந்து சப்பட்டையும் பஞ்சவர்ணமும் சந்தைக்கு வருகின்றன. தெலுங்கு வீடுகளில் ஆவக்காய் போடுவது இந்த நாள்களில்தான். புளிப்பேறிய கெட்டி மாங்காயைக் கொட்டை ஓட்டோடு சேர்த்து வெட்ட வேண்டும். ஓடு இருந்தால்தான் துண்டு குழையாமல் நிற்கும். பிறகு ஈரம் படாமல் துடைத்து, கடுகுப்பொடி, மிளகாய்ப்பொடி, உப்பு, நல்லெண்ணெய் சேர்த்து ஜாடியில் ஊறவிடுவார்கள். மிளகாய் நாக்கைச் சுடும்; கடுகு மூக்கில் ஏறும். இந்த இரண்டு காரமும் ஒன்றையொன்று அமுக்காமல் அமைவதில்தான் கைப்பக்குவம் தெரியும்.

மிளகாய்க்குக் கிழக்கே போக வேண்டும். சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசலில் ஐப்பசி மழையை நம்பி விதைக்கிறார்கள். தை கடந்து பழம் பறித்து, களத்தில் பரப்பி, வெயிலில் வத்தலாக்குகிறார்கள். நீண்ட சம்பா வத்தல் உறைப்புக்கு. உருண்டை முண்டு வத்தல் நிறத்துக்கும் மணத்துக்கும். வத்தலும் பருப்பும் எண்ணெயும் விலை பேசப்படும் பெருஞ்சந்தையாக விருதுநகர் நெடுங்காலமாக இருக்கிறது.

காரம் விதையில் இருப்பதாகவே பலரும் நம்புகிறோம். ஆனால் விதையைத் தாங்கும் வெளிறிய சதையில்தான் காரம் தரும் கேப்சைசின் சுரக்கிறது. அது தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். வத்தலை எண்ணெயில் வறுத்து அம்மியில் அரைத்து ஆட்டுக்கறியோடு கொதிக்கவிடும்போது குழம்பு முழுக்கக் காரம் சீராகப் பரவுவது இதனால்தான். நம் பாட்டிமார் இந்த அறிவியலைப் படித்ததில்லை. ஆனால் எந்தப் பதத்தில் வத்தலை எடுக்க வேண்டும் என்பதை வாசனையிலேயே அறிந்திருந்தார்கள்.

பக்கத்து ஊரின் பால்

ராஜபாளையத்துக்குச் சுமார் 12 கிலோமீட்டர் வடக்கே, ஆண்டாள் கோயில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே சுவை வேறு. போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்து மிளகாயைக் கொண்டுவரும் முன் நம் சமையலுக்குக் காரம் தந்தது மிளகுதான். பழைய வைணவக் கோயில் மடைப்பள்ளிகள் பொதுவாக இன்றும் அந்த வழியை விடவில்லை. ஆண்டாளின் ஊரில் மார்கழி 27ஆம் நாள் கூடாரவல்லிக்கு அரிசி, பால், வெல்லம், நெய் சேர்ந்த அக்காரவடிசல் மணக்கும். பாலையும் சர்க்கரையையும் மட்டுமே நம்பி விறகடுப்பில் கிண்டும் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

காரச் சாப்பாட்டுக்குப் பின் பாலோ தயிரோ நாடுவதற்கும் காரணம் உண்டு. பாலிலுள்ள கேசீன் புரதம் கேப்சைசினைப் பற்றி இழுத்து, நாக்கின் எரிச்சலைத் தணிக்கும். காரத்துக்கு ஓர் ஊர், அதை ஆற்ற அடுத்த ஊர் என்று இந்த மண்ணே ஒரு முழு விருந்து.

பால்கோவாவுக்குக் கடை இருக்கிறது, சங்கம் இருக்கிறது, குறியீடும் இருக்கிறது. ராஜபாளையத்து வீட்டுக் குழம்புக்கோ அதைச் சமைப்பவரின் கையளவைத் தவிர வேறு ஆவணம் அரிது. ஒரு தலைமுறை ஓய்ந்தால் ஒரு சுவையும் போய்விடும். ராஜபாளையம் ராஜுக்கள் கல்லூரி போன்ற நிறுவனங்கள் மாணவர்களை வீடு வீடாக அனுப்பி, எந்த வத்தல், எத்தனை, எந்தப் பதம் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதச் செய்யலாம். இவ்வூர் உணவகங்கள் தங்கள் பட்டியலில் ‘ராஜபாளையம்’ என்ற பெயரோடு ஒரு குழம்பையாவது சேர்க்கலாம். இந்த மாங்காய்க் காலத்திலேயே அதைத் தொடங்கிவிடலாம்.