சீருடையில் தேசியக் கொடி

படைவீரரின் சீருடையில் தேசியக் கொடி இடம்பெற வேண்டுமா? இவ்வினாவுக்கு விடை காணச் சட்டத்தையும் படைப்பணியின் இயல்பையும் ஒருங்கே நோக்க வேண்டும்.

எவ்வகை உடையிலும் சீருடையிலும் கொடியை ஓர் அங்கமாக்கலாகாது என்று 2002-ஆம் ஆண்டின் கொடி விதித்தொகுப்பு கூறியது. 1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் 2005-இல் திருத்தப்பட்டபோது இத்தடை தளர்ந்தது. இடுப்புக்குக் கீழே அணியும் உடையில் கொடியை அங்கமாக்குவதே விலக்கப்பட்டது. எனினும், உடைத்துணியில் கொடியைப் பூவேலையாகவோ அச்சாகவோ அமைப்பது அவமதிப்பு என்றே அத்திருத்தம் வகுத்தது. ஆகவே, அனுமதி உண்டெனினும் எச்சரிக்கையும் தேவை.

ஐக்கிய நாடுகளின் அமைதிப் பணியில் ஈடுபடும் இந்திய வீரர்கள் தோளில் மூவர்ணச் சின்னம் அணிகின்றனர். பல நாட்டுப் படைகள் கூடும் இடத்தில், வீரர் எந்நாட்டினர் என்பதை மக்கள் அறிய அது துணைபுரிகிறது.

போர்க்களத்தில் நிலைமை வேறு. சுற்றுப்புறத்தோடு ஒன்றி மறைவதே களச்சீருடையின் நோக்கம். பளிச்சிடும் நிறங்கள் அதற்கு ஊறு செய்யும். சில நாடுகள் கொடியை மங்கிய நிறத்தில் அணிவிக்கின்றன. நிறங்களாலேயே பொருள்பெறும் மூவர்ணத்துக்கு அம்முறை பொருந்தாது. சேறும் வியர்வையும் படிந்து சின்னம் சிதைவதும் தவிர்க்கவியலாதது.

உள்நாட்டுப் பணியில் நாட்டின் அடையாளத்துக்குக் குறைவில்லை; மேஜரின் தோள்பட்டையில் அசோகச் சிங்கச் சின்னம் திகழ்கிறது. ஆதலின், நாட்டின் பிரதிநிதியாக அயல்நாட்டில் நிற்கும் வீரருக்குக் கொடிச்சின்னம் உரியது; எல்லாச் சீருடைக்கும் அதனைக் கட்டாயமாக்குதல் வேண்டுவதன்று. உயிர்நீத்த வீரரின் உடல்மீது போர்த்தப்படும் கொடிகூடச் சிதையில் எரிக்கப்படுவதில்லை, முன்னரே அகற்றப்படுகிறது. அத்தகைய மதிப்பைக் காக்க இயலும் இடமே கொடிக்குத் தக்க இடமாகும்.