மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027: ஒரு தேதியும் அதனோடு பிணைந்த இரு அரசமைப்பு மாற்றங்களும்

புதுடெல்லி: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-ஐ ரூ.11,718 கோடி செலவில் நடத்த மத்திய அமைச்சரவை 2025 டிசம்பர் 12 அன்று ஒப்புதல் அளித்தது. குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகும் பலரும் இந்தத் தொகையையும், இது முதல் டிஜிட்டல் கணக்கெடுப்பு என்பதையும் குறித்துக்கொள்வார்கள். ஆனால் இச்செய்தியில் இவற்றைவிட முக்கியமானது, கணக்கெடுப்புக்கான அடிப்படைத் தேதியாக நிர்ணயிக்கப்பட்டுள்ள 2027 மார்ச் 1. மக்களவைத் தொகுதிப் பங்கீடு, மகளிர் இடஒதுக்கீடு ஆகிய இரண்டும் இத்தேதியுடன் எவ்வாறு தொடர்புபடுகின்றன என்பதை இத்தொகுப்பில் காணலாம்.

அறிவிக்கை கூறுவது என்ன?

மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம், 1948-இன் கீழ் மத்திய உள்துறை அமைச்சகம் 2025 ஜூன் 16 அன்று அறிவிக்கை வெளியிட்டது. அதன்படி 2027 மார்ச் 1 நள்ளிரவு 12 மணி நாட்டின் பெரும்பகுதிக்கு அடிப்படை நேரமாகும். லடாக் மற்றும் ஜம்மு காஷ்மீர், இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்ட் ஆகியவற்றின் பனி சூழ்ந்த பகுதிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 1 என வகுக்கப்பட்டுள்ளது. வீட்டுப் பட்டியல் தயாரிக்கும் பணி 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலும், மக்களைக் கணக்கெடுக்கும் பணி 2027 பிப்ரவரியிலும் நடைபெறும் என அமைச்சரவை முடிவில் தெரிவிக்கப்பட்டது.

1881 முதல் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை தடையின்றி நடைபெற்று வந்த கணக்கெடுப்பு, கொரோனா பெருந்தொற்றால் 2021-இல் நடைபெறவில்லை. அதனால் அரசின் திட்டங்கள் பலவும் இன்றுவரை 2011-இன் கணக்கையே சார்ந்துள்ளன. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மானிய உணவு தானியம் பெறுவோரின் எண்ணிக்கை வரம்பும் அவற்றுள் ஒன்று.

தொகுதிப் பங்கீட்டில் 1971-இன் இடம்

ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பின்னரும் மாநிலங்களுக்கான மக்களவை இடங்களை மறுசீரமைக்க வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 82-ஆவது பிரிவு. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தும் மாநிலங்கள் இடங்களை இழந்துவிடக் கூடாது என்ற நோக்கில், 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தம் இப்பங்கீட்டை 1971 கணக்கெடுப்பின் அடிப்படையில் நிறுத்திவைத்தது. 2001-ஆம் ஆண்டின் 84-ஆவது திருத்தம், ‘2026-ஆம் ஆண்டுக்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பின்’ விவரங்கள் வெளியாகும்வரை அத்தடையை நீட்டித்தது.

மார்ச் 1 என்ற தேதியின் முக்கியத்துவம் இங்குதான் வெளிப்படுகிறது. 2021 கணக்கெடுப்பு உரிய காலத்தில் நடந்திருந்தால், 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு 2031-இல்தான் வந்திருக்கும். தாமதத்தால் கணக்கெடுப்பு 2027-க்குச் சென்றதால், தடை விலகும் காலம் நான்கு ஆண்டுகள் முன்னதாகவே நெருங்கியுள்ளது.

இரு மாநிலங்கள், இரு வாதங்கள்

1971-இல் கேரளத்தின் மக்கள்தொகை சுமார் 2.13 கோடி, ராஜஸ்தானின் மக்கள்தொகை சுமார் 2.58 கோடி. இன்று கேரளத்துக்கு 20, ராஜஸ்தானுக்கு 25 மக்களவை இடங்கள் உள்ளன. 1971 கணக்கின்படி இரு மாநிலங்களிலும் ஓர் உறுப்பினர் ஏறத்தாழ 10 முதல் 11 லட்சம் பேரின் பிரதிநிதி. 2011-இல் கேரளத்தின் மக்கள்தொகை 3.34 கோடியாகவும் ராஜஸ்தானின் மக்கள்தொகை 6.85 கோடியாகவும் உயர்ந்தன. அதன்படி கேரளத்தில் ஓர் உறுப்பினருக்கு 16.7 லட்சம் பேர், ராஜஸ்தானில் 27.4 லட்சம் பேர்.

தமது வாக்கின் மதிப்பு குறைந்துவிட்டது என ராஜஸ்தான் வாக்காளர் கூறினால், அதற்கு 81-ஆவது பிரிவின் சமவிகிதக் கோட்பாடு துணை நிற்கிறது. தேசியக் கொள்கையைச் செவ்வனே நிறைவேற்றியதற்குத் தண்டனையா எனக் கேரளமும் தமிழ்நாடு உள்ளிட்ட பிற தென்மாநிலங்களும் கேட்டால், அதற்கு 42-ஆவது திருத்தத்தின் நோக்கம் துணை நிற்கிறது. இவ்விரு வாதங்களையும் எடைபோடுவதே முதன்மைத் தேர்வு விடைக்கு வலுச் சேர்க்கும்.

மகளிர் இடஒதுக்கீடு

மக்களவை, மாநிலச் சட்டப்பேரவைகள், டெல்லி பேரவை ஆகியவற்றில் மகளிருக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் அளிக்கும் 106-ஆவது திருத்தச் சட்டம் 2023 செப்டம்பரில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. எனினும், அச்சட்டம் தொடங்கியபின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பின் விவரங்கள் வெளியாகி, அதன் பேரில் தொகுதி மறுவரையறை நடந்த பின்னரே இடஒதுக்கீடு செயலுக்கு வரும் என 334ஏ பிரிவு கூறுகிறது. ஆகவே, மகளிர் இடஒதுக்கீடும் இதே கணக்கெடுப்பை எதிர்நோக்கியுள்ளது.

கணக்கெடுப்பு முடிந்தவுடன் தொகுதிகள் தாமாக மாறிவிடா. நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, மறுவரையறை ஆணையம் அமைக்க வேண்டும். இதற்கு முன் 1952, 1962, 1972, 2002 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களின்படி நான்கு ஆணையங்கள் அமைக்கப்பட்டன. கடைசியாக அமைக்கப்பட்ட ஆணையத்தின் வரையறை 2008-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அடுத்த மக்களவைத் தேர்தல் 2029-இல் வரவுள்ள நிலையில், இக்கால அளவு கவனத்துக்குரியது.

தேர்வர்கள் குழப்பிக்கொள்ளக் கூடியவை

* மாநிலங்களுக்கான இடங்களின் எண்ணிக்கை 1971 கணக்கெடுப்பைச் சார்ந்தது. மாநிலத்துக்குள் தொகுதி எல்லைகள் 2001 கணக்கெடுப்பின்படி வரையப்பட்டவை. பின்னதற்கு வழிசெய்தது 2003-ஆம் ஆண்டின் 87-ஆவது திருத்தம்.

* 82-ஆவது பிரிவு மக்களவைக்கு உரியது. சட்டப்பேரவைகளுக்கு உரியது 170-ஆவது பிரிவு.

* மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏழாவது அட்டவணையின் மத்தியப் பட்டியலில் 69-ஆவது இனமாகும்.

* சாதிவாரி விவரங்கள் முழுமையாக வெளியான கடைசிக் கணக்கெடுப்பு 1931-இல் நடந்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் விவரங்கள் 1951 முதல் தொடர்ந்து சேகரிக்கப்படுகின்றன. அனைத்துச் சாதிகளையும் இம்முறை சேர்க்கும் முடிவு 2025 ஏப்ரல் 30 அன்று எடுக்கப்பட்டது.

* 2011-ஆம் ஆண்டின் சமூக, பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பு 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடத்தப்பட்டதன்று. 1948 சட்டத்தின் 15-ஆவது பிரிவின்படி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தனிநபர் அளிக்கும் தகவல் ரகசியமானது.