விளையாட்டிற் கற்ற மொழி

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்பது நம் முன்னோர் மொழி. முளையை நோக்குவோர் பெரும்பாலும் அது வேரூன்றிய நிலத்தை நோக்குவதில்லை. அரசியல் தலைவர் ஒருவரின் வரலாற்றை ஆராயுமிடத்தும், அவர் பெற்ற பட்டம், சேர்ந்த கட்சி, வென்ற தேர்தல் என்பனவற்றையே எடுத்துக் கூறுகின்றோம். சிறுவயதில் எவரோடு விளையாடினார் என்று கேட்பதில்லை. பல இனமும் பல மொழியும் நெருங்கி வாழும் தீவொன்றிற் பிள்ளைப் பருவத்தைக் கழித்தவர் பின்னாளில் ஆட்சிப் பொறுப்பை ஏற்குமிடத்து, அப்பருவம் அவருக்கு யாது செய்கின்றது? சிங்கப்பூரின் முதற் பிரதமராக 1959 முதல் 1990 வரை பதவி வகித்த லீ குவான் யூ அவர்களின் இளமை இவ்வினாவுக்கு விடை தருகின்றது. ஆனால் அவ்விடை நாம் எதிர்பார்க்குமளவு எளிதானதன்று.

1819இல் ஆங்கிலேயர் வணிகத் தளம் அமைத்த நாள் முதலாகச் சிங்கப்பூருக்குப் பல திசையிலிருந்தும் மக்கள் வந்து சேர்ந்தனர். தென்சீனத்திலிருந்து வந்தோர் ஹொக்கியன், தியோச்சு, கன்டனீஸ் முதலாய வெவ்வேறு மொழி பேசினர். மலாயரும் யாவகத்தாரும் தமிழரும் அங்கு வாழ்ந்தனர். யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா நாட்டுக்கு உத்தியோகந் தேடிச் சென்றோரிற் சிலரும் அத்தீவிற் குடியேறினர். சந்தையில் யாவருக்கும் பொதுவாய் நின்றது எளிய மலாய்ப் பேச்சு. எனினும் 1822இல் வகுக்கப்பட்ட நகரத் திட்டமே ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனிப் பகுதியை ஒதுக்கியிருந்தது. அம்மக்கள் அருகருகே வாழ்ந்தனர் என்பது உண்மை. ஒன்றி வாழ்ந்தனர் என்பது அத்துணை உண்மையன்று.

இத்தீவில் 1923ஆம் ஆண்டு செப்டெம்பர் 16ஆம் நாள் லீ பிறந்தார். சீனக் குடும்பமேயாயினும் வீட்டிற் சீனமொழி வழங்கவில்லை. பெற்றோருடன் ஆங்கிலமும், தாய்வழிப் பாட்டன் பாட்டியருடன் சீனச் சொற்கள் கலந்த மலாயும் பேசி அவர் வளர்ந்தார். அவருடைய அன்னையார் மலாய்ச் சுவையுஞ் சீனச் சுவையும் இணைந்த சமையலிற் கைதேர்ந்தவர். 1974இல் அக்கலை பற்றி நூலொன்றும் வெளியிட்டார். அடுப்படியிலேயே இரு பண்பாடுகள் கலந்திருந்த வீடு அது.

தெலோக் குறாவ் என்னும் கடலோரப் பகுதியில் அமைந்த பாட்டனார் இல்லத்தில் அவருடைய இளமை கழிந்தது. அயலிலிருந்த சீன மீனவரின் பிள்ளைகளும் மலாய்க் கிராமத்துப் பிள்ளைகளும் அவருக்கு விளையாட்டுத் தோழர். பட்டம் விடுவதும், பம்பரஞ் சுழற்றுவதும், சண்டை மீன்களைப் போரிட விடுவதும் அவர்களுடைய பொழுதுபோக்குகள். இவ்விளையாட்டுக்கிடையே மலாயும் சிறிது ஹொக்கியனும் அவர் நாவிற் படிந்தன. ஆசிரியருமில்லை, புத்தகமுமில்லை, பரீட்சையுமில்லை. ஒரு மொழி பிள்ளையிடம் சேர்வதற்கு இதனினுஞ் சிறந்த வழி உண்டோ?

ஆனால் மற்றொரு மொழி அவரிடம் சேரவில்லை. பாட்டியாரின் விருப்பப்படி மீனவப் பிள்ளைகளோடு ஓலைக் கொட்டிலொன்றிற் சீன எழுத்துப் பயில அவர் அனுப்பப்பட்டார். பொருள் விளங்காத பாடத்தை ஆசிரியர் சொல்லச் சொல்லத் திரும்பச் சொல்லுதலே அங்கு நடந்த கல்வி. வீட்டிற் பேசாத மொழி பாடசாலையிலும் புரியவில்லை. சிறுவர் அன்னையாரிடம் முறையிட்டு அதனின்றும் விடுபட்டு, ஆங்கிலப் பாடசாலையிற் சேர்ந்தார். பின்னர் றாபிள்ஸ் கல்விக்கூடத்திற் பயின்று, சிரேட்ட கேம்பிறிட்ஜ் பரீட்சையில் மலாயா முழுவதிலும் முதலிடம் பெற்றார். கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்திற் சட்டத்திலும் முதல் வகுப்பிற் சித்தியெய்தினார். சீனக் கொட்டிலை விட்டு நீங்கியது நல்லதே என அக்காலத்தில் எவரும் கருதியிருப்பர்.

கடன் பின்னர் வந்து கதவைத் தட்டியது. 1954இல் மக்கள் செயல் கட்சியைத் தோழரோடு தொடங்கிய லீ, 1955இல் தஞ்சோங் பகார் தொகுதியிற் போட்டியிட்டார். தீவு மக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் சீனர். எதிர்த்து நின்றவர் சீனத்தில் வாதிட வருமாறு அறைகூவினார், லீயால் இயலவில்லை. தம் இனத்து மக்களின் முன்னிலையிலேயே ஊமை போல நிற்க நேர்ந்தது. முப்பது வயதைக் கடந்த அவ்வழக்கறிஞர் மன்டறின் மொழியை முயன்று கற்கலானார். 1961ஆம் ஆண்டு இடைத்தேர்தற் காலத்தில் ஹொக்கியனையும் முறையாகக் கற்று அதிற் பேசத் துணிந்தார். முதன்முறை பேசியபோது பிழைகளைக் கேட்ட சிறுவர் நகைத்தனர். சிரியாது தமக்கு உதவுமாறு அச்சிறுவரையே அவர் கேட்டுக்கொண்டார். விளையாட்டுத் தோழரிடம் இலவசமாகப் பெறக்கூடியதைப் பிரதமரான பின் தெருச் சிறுவரிடம் வேண்டிப் பெற்றார் என்பது சிந்திக்கற்பாலது.

எளிதிற் பெற்ற மலாயோ வேண்டிய வேளையில் துணைநின்றது. சிங்கப்பூர் மலேசியாவோடு இணைந்திருந்த காலத்தில், 1965 மே மாதம் 27ஆம் நாள், அவர் கோலாலம்பூர்ப் பாராளுமன்றத்தில் மலாய் மொழியிலும் உரையாற்றினார். மலாயை ஒரே அரசகரும மொழியாக்குவதனால் மட்டும் நாட்டுப்புறத்து ஏழை மலாயரின் வறுமை நீங்காது என்பதனை அம்மக்களின் மொழியிலேயே எடுத்துரைத்தார். மூன்று மாதமும் நிறைவதற்கு முன், ஓகஸ்ட் 9ஆம் நாள், சிங்கப்பூர் தனிநாடாயிற்று. அதற்கு முந்திய ஆண்டிலேயே அத்தீவில் சீனருக்கும் மலாயருக்குமிடையே இரத்தம் சிந்திய கலவரங்கள் நிகழ்ந்திருந்தன.

பெரும்பான்மையினர் சீனராயிருக்க, சீனத்தையே ஒரே அரசகரும மொழியாக்குதல் வாக்குக் கணக்கில் எளிய வழி. புதிய அரசு அவ்வழியை நாடவில்லை. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கும் அரசகரும மொழிகளாக நின்றன. மலாய் தேசிய மொழியாயிற்று. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையிற் பிறந்து மலாயாவில் வளர்ந்த எஸ். இராசரத்தினம் அவர்கள் முதல் வெளிநாட்டமைச்சரானார். இனமும் மொழியும் சமயமும் வேறாயினும் மக்கள் ஒருவரே என்னுங் கருத்தமைந்த நாட்டு உறுதிமொழியை 1966இல் வரைந்தவரும் அவரே.

இவ்விடத்தில் நம் நாடு பற்றிய குறிப்பொன்று தவிர்க்கற்பாலதன்று. 1956இல் இலண்டன் செல்லும் வழியிற் கொழும்பைக் கண்ட லீ, அதன் சிறப்பை வியந்தார். அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிற்று. அதன்பின் நேர்ந்தவற்றை ஓர் எச்சரிக்கையாகத் தம் நினைவுநூலில் அவர் பதிந்துள்ளார். இங்கு தமிழும் அரசகரும மொழியாகுமென அரசியலமைப்பில் எழுதப்பட 1987 வரை காத்திருக்க நேர்ந்தது.

எனினும் புகழ்ந்து மட்டும் அமைதல் நடுவுநிலையாகாது. 1963 பெப்ரவரியில் நூற்றுக்கு மேற்பட்டோர் விசாரணையின்றித் தடுத்துவைக்கப்பட்டனர். சீனக் கல்வி கற்ற தொழிற்சங்கத்தார் பலர் அவர்களுள் அடங்குவர். மக்கள் மொழியைக் கற்றவர் அம்மக்களின் எதிர்க்குரலைப் பொறுத்தாரில்லை. 1979இல் தொடங்கிய மன்டறின் இயக்கம், அவர் தேடிக் கற்ற ஹொக்கியனையே வீடுகளினின்றும் ஒதுக்கியது. தமிழுக்கு அரசில் இடமிருந்தும், உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பாடசாலை 1982இல் மூடப்பட்டது. சட்டத்தில் வாழும் மொழி வீட்டிலும் வகுப்பறையிலும் வாழாதாயின், அது திருவுருவம் நீங்கிய கோயிலை ஒக்கும்.

ஆகவே, பல இனத் தீவிற் பிறந்த அளவில் ஒருவர் பரந்த மனத்தினராவர் என்று கூறல் பொருந்தாது. லீயைப் போன்றே ஆங்கிலங் கற்று, அத்தீவிலேயே வளர்ந்து, அயலார் மொழியை நினையாதே வாழ்ந்தோர் பலர். பிள்ளைப் பருவம் அவருக்கு அளித்தவை இரண்டு: அயலாரின் மொழி அந்நியமன்று என்ற பழக்கம் ஒன்று, கல்லாது விட்ட மொழியினால் நேரும் குறை மற்றொன்று. முன்னையது செல்வம், பின்னையது கடன். செல்வத்தைப் பயன்படுத்தியதோடு கடனையும் நாணாது தீர்க்க முற்பட்டமையே அவரைத் தலைவராக்கியது. தம் பிள்ளைகள் மூவரையும் சீனமொழிப் பாடசாலைக்கு அவர் அனுப்பியமையும், 1966 முதல் இடைநிலைப் பாடசாலை மாணவர் யாவரும் இரண்டாம் மொழியொன்றைக் கட்டாயமாகக் கற்க விதித்தமையும் அக்கடனை உணர்ந்ததன் பயன் எனலாம்.

நம் மாணவர் இன்று சிங்களத்தை இரண்டாம் மொழியாகக் கற்கின்றனர். பலருக்கு அது புள்ளிக்குரிய பாடமாகவே முடிந்துவிடுகின்றது; தெற்கே தமிழ் கற்கும் பிள்ளைகளின் நிலையும் பெரும்பாலும் இதுவே. பேசிப் பழக ஓர் அயற்பிள்ளை இல்லாதவிடத்து ஆசிரியர் ஒருவர் எவ்வளவு செய்தல் கூடும்? விளையாட்டுப் போட்டிக்கெனத் தென்னிலங்கைப் பாடசாலைகளுக்குச் செல்லும் நம் மாணவர், ஆட்டம் முடிந்தவுடன் வண்டியேறாது, அன்றிரவு அப்பிள்ளைகளோடு தங்கி உண்டு உரையாடி வர வழிசெய்தல் பழைய மாணவர் சங்கத்தாருக்கு அரிய செயலன்று. அவர்களும் அவ்வாறே இங்கு வந்து தங்குக. தாய்மொழியில் ஆழ்ந்து நின்று அயன்மொழிக்குச் செவிகொடுக்கும் மாணவன், தலைவனாயினும் ஆகாவிடினும், இத்தீவுக்கு வேண்டியவனே.