மைன் யாருடையது?

ஆங்கிலத்திலே ஒரு சிறு சொல். நான்கே எழுத்து. வாயைத் திறந்து மூடுவதற்குள் சொல்லி முடித்துவிடலாம். ‘மைன்’ என்பது அந்தச் சொல்!

பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டால், “மைன் என்றால் என்னுடையது” என்று இலக்கணம் சொல்லும். குறிஞ்சிப்பாடிக் கடைத்தெருவிலே நிற்கும் பெரியவரைக் கேட்டால், “மைன்ஸா? அது நெய்வேலிச் சுரங்கமல்லவா!” என்று மேற்குப் பக்கம் கையைக் காட்டுவார். பிள்ளை சொல்வதும் சரி. பெரியவர் சொல்வதும் சரி. ஒலி ஒன்று, எழுத்து ஒன்று, பொருள் இரண்டு. அந்த இரண்டு பொருளுக்கும் இடையிலேதான் அறுபத்தைந்து ஆண்டுக்கும் மேலாக ஒரு வழக்கு நடந்து கொண்டிருக்கிறது. நீதிமன்றத்திலே சில நாள், நெல்வயலிலே பல நாள்!

சொல்லின் வரலாற்றை முதலிலே பார்ப்போம். மொழிநூலார் இந்த இரண்டையும் உடன்பிறந்தவை என்று ஒப்புவதில்லை. ‘என்னுடையது’ என்னும் மைன், ஆங்கிலேயரின் மூதாதையர் பேசிய செர்மானியக் கிளைமொழியிலிருந்து வந்தது. சுரங்கத்தைக் குறிக்கும் மைன், பிரெஞ்சு மொழி வழியாக வந்து சேர்ந்தது. வெவ்வேறு குடியிலே பிறந்து, ஒரே பெயர் வைத்துக்கொண்ட இரண்டு பேர் என்று கொள்ளலாம்.

முதல் மைனுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. ‘மை’ என்றால் ‘என்’. அது தனியே நிற்காது. பின்னாலே வீடு, மாடு, நிலம் என்று ஒரு பெயர் வேண்டும். ‘மைன்’ அப்படியல்ல, துணை கேட்காமல் தனித்து நிற்கும். தமிழிலும் ‘என்’ வேறு, ‘என்னது’ வேறு அல்லவா? ‘என் நிலம்’ என்பவன் நிலத்தைக் காட்டுகிறான். ‘என்னது’ என்பவன் உரிமையைக் காட்டுகிறான்.

இரண்டாவது மைனுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஐரோப்பாவிலே அந்நாளில் கோட்டையை முற்றுகையிட்ட படைகள், மதிலுக்கு அடியிலே சுரங்கம் தோண்டும். மரக்கால்கள் நட்டு முட்டுக் கொடுக்கும். பிறகு அந்தக் கால்களுக்குத் தீ வைக்கும். மதில் சரிந்து விழும். வெடிமருந்து வந்த பிறகு, தீ இருந்த இடத்திலே வெடி வந்தது. அதனாலேதான் மண்ணிலே புதைக்கும் கண்ணிவெடிக்கும் ‘மைன்’ என்றே பெயர் ஆயிற்று. ஒருவருடைய செல்வாக்கை அடியிலிருந்து அரிப்பதைக் குறிக்கும் ‘அண்டர்மைன்’ என்ற சொல்லும் அதே குழியிலிருந்து எழுந்ததுதான்.

ஆக, ஒரே ஒலியிலே உரிமை இருக்கிறது, செல்வம் இருக்கிறது, வெடியும் இருக்கிறது! நெய்வேலியின் கதையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல்லை வேறு எங்கே தேடுவது?

1930களிலே சம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழாரின் நிலத்திலே கிணறு தோண்டியபோது, தண்ணீரோடு கருமையான பொருளும் வந்தது. பின்னர் ஆய்வுகள் நடந்தன. 1956ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20ஆம் நாள் பண்டித நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். அப்போது காமராசர் முதலமைச்சர். 1961 ஆகசுடிலே பழுப்பு நிலக்கரி கண்ணிலே பட்டது. 1962இலே மின்சாரம் பிறந்தது. வடக்கே நிலக்கரி இருக்கிறது, தெற்கே இல்லையே என்று ஏங்கிய தமிழ்நாட்டுக்கு, அது சொந்த அடுப்பிலே மூண்ட நெருப்பு! மகிழாதவர் யார்? அன்று மனமுவந்து நிலம் தந்தவர்களும் உண்டு. ‘ஊருக்கு வெளிச்சம், பிள்ளைக்கு வேலை’ என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது.

சுரங்கம் வந்தது, சுரங்கத்தோடு அதன் சொற்களும் வந்தன. பழுப்பு நிலக்கரிக்கு மேலே ஐம்பது மீட்டரிலிருந்து நூறு மீட்டருக்கும் மேலான உயரத்துக்கு மண் இருக்கிறது. ஒரு டன் நிலக்கரி எடுக்க, ஏறத்தாழ ஐந்தரைக் கன மீட்டர் மண்ணை அகற்ற வேண்டும். அந்த மண்ணுக்குச் சுரங்கத்தார் வைத்த பெயர் ‘ஓவர்பர்டன்’. மேலே கிடக்கும் சுமை என்று பொருள்! உழவன் அதற்கு வைத்த பெயர் என்ன? வயல். கொல்லை. தோப்பு. அவன் நெல்லும் முந்திரியும் விளைத்த மண், எந்திரத்தின் கணக்கிலே சுமை. சுரங்கத் தொழிலிலே உலகெங்கும் வழங்கும் சொல்தான் அது. யாரையும் இழிவு செய்ய உண்டாக்கியதல்ல. ஆனாலும், ஒருவன் சோற்றுக்கு இன்னொருவன் சுமை என்று பெயர் வைத்த இடத்திலே பேச்சு எப்படிச் சுமுகமாக நடக்கும்?

நிலத்துக்காரர் ‘என்னது’ என்றார். அலுவலகம் ‘என்னது?’ என்று திருப்பிக் கேட்டது. பட்டா எங்கே, சிட்டா எங்கே, எந்தத் தேதியிலே ஆர்ச்சிதம் ஆயிற்று என்று கேள்வி எழுந்தது. 1894ஆம் ஆண்டிலே வெள்ளைக்காரன் போட்ட நில ஆர்ச்சிதச் சட்டம், நாடு விடுதலை பெற்ற பிறகும் 2013ஆம் ஆண்டு முடியும் வரை நம்மை ஆண்டது. 2014 சனவரி முதல் நாள்தான் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது.

மண் உழவனுடையது என்றே வைத்துக்கொள்வோம்; மண்ணுக்கு அடியிலே இருப்பது யாருடையது? அது அரசுக்குத்தானே என்று படித்தவர்களே சொல்வார்கள். 2013ஆம் ஆண்டு சூலையிலே, கேரளத்து நிலக்காரர்கள் தொடுத்த வழக்கிலே உச்சநீதிமன்றம் சொன்னது வேறு. அடிமண்ணிலுள்ள கனிமம் எல்லாம் அரசுக்கே சொந்தம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. முறையான சட்டத்தின் வழியே பறிக்கப்படாத வரை, நிலத்தின் உரிமையோடு அடிநிலக் கனிமத்தின் உரிமையும் செல்லும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். சட்டப்படி நிலத்தை எடுத்துக்கொண்டால் அந்த உரிமையும் போய்விடும் என்பது உண்மையே. ஆனால் எடுக்கும்போது கொடுத்த விலை, மேலே இருந்த புஞ்சைக்கா, அடியிலே இருந்த செல்வத்துக்கா? இந்தக் கேள்வியைக் கேட்க உழவனுக்கு உரிமை இல்லையா?

2023 சூலையிலே வளையமாதேவியிலே நடந்ததை நாடே பார்த்தது. இரண்டாம் சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடக் கால்வாய் வெட்ட வேண்டுமென்று, கதிர் பிடிக்கும் பருவத்திலே நின்ற நெற்பயிரின் நடுவே எந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுக்கு முன்பே எடுக்கப்பட்டது, பணமும் தரப்பட்டது என்றது நிறுவனம். இத்தனை ஆண்டும் உழுதோமே, விதைத்தோமே, அறுவடைக்குச் சில வாரம் பொறுக்கக் கூடாதா என்றனர் உழவர். தாளைக் காட்டி ‘மைன்’ என்றது ஒரு பக்கம். தாளடிக்குக் காத்திருந்த மண்ணைக் காட்டி ‘மைன்’ என்றது மறுபக்கம். சென்னை உயர்நீதிமன்றம் வேதனையை வெளியிட்டது; பயிருக்காக ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. பணம் வந்தது. மடிந்த பயிர் வருமா?

அப்படியானால் சுரங்கமே வேண்டாம் என்கிறோமா? அப்படிச் சொல்ல நா எழாது. குறிஞ்சிப்பாடி வட்டாரத்திலே எத்தனை வீட்டிலே அந்தச் சுரங்கத்துச் சம்பளத்திலே அடுப்பு எரிகிறது! மாப்பிள்ளைக்கு ‘மைன்ஸிலே பர்மனென்ட்’ என்றால் சம்பந்தம் பேசும் குரலே மாறுகிறது. சுரங்கத்திலிருந்து இறைக்கும் தண்ணீர் வாலாஜா ஏரிக்கு வருகிறது, வயலுக்குப் பாய்கிறது. நிலத்தடி நீரைச் சுரங்கம் இறைத்துத் தீர்க்கிறது என்று குமுறும் உழவனே, அந்த நீர் வராவிட்டால் தவிக்கிறான். பகையும் உறவும் ஒரே மதகிலே ஓடுகின்றன!

‘மைன்’ என்று நாம் ஒன்றுபட்டு உரக்கச் சொன்ன நாட்களும் உண்டு. 2006இலே நெய்வேலிப் பங்குகளை விற்க ஒன்றிய அரசு முனைந்தபோது, தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர், முதலமைச்சர் கலைஞர் எதிர்த்தார், விற்பனை நின்றது. 2013இலே மறுபடி விற்பனை வந்தபோது, முதலமைச்சர் செயலலிதா அந்தப் பங்குகளை மாநிலத்துக்கே தரக் கேட்டார். தமிழ்நாட்டு அரசு நிறுவனங்கள் ஐந்து, 3.56 விழுக்காட்டை வாங்கின. கட்சி வேறு, கொடி வேறு. ஆயினும் நெய்வேலி நம்முடையது என்ற சொல் ஒன்றாகவே ஒலித்தது.

நம்முடையது! இங்கேதான் தமிழின் நுட்பத்தைப் பாருங்கள். ஆங்கிலத்திலே ‘அவர்ஸ்’ என்று ஒரே சொல். தமிழிலே இரண்டு. கேட்பவனை வெளியே நிறுத்தினால் ‘எங்களுடையது’. கேட்பவனையும் சேர்த்துக்கொண்டால் ‘நம்முடையது’. ஆங்கிலேயன் மயங்கும் இடத்திலே தமிழன் தெளிவாகக் கோடு போட்டிருக்கிறான். பங்கு விற்பனையை எதிர்த்தபோது ‘நம்முடையது’ என்றோம். வயலிலே எந்திரம் இறங்கும்போது மட்டும் அந்த நிறுவனம் ‘எங்களுடையது’ என்கிறதே, அது முறையா? நிலம் கொடுத்த வீட்டுப் பிள்ளை ஒப்பந்தக் கூலியாகவே முடி நரைத்துப் போகிறானே, அவனிடம் போய் ‘நம்முடையது’ என்றால் நம்புவானா?

அவன் நம்ப வேண்டுமானால் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. விளைந்து நிற்கும் பயிரிலே எந்திரம் இறங்காது என்ற உறுதி வேண்டும். நிலம் தந்த குடும்பங்களின் பட்டியலும், அவர்களுக்குச் சேர்ந்த வேலையும் பணமும் ஊர்தோறும் எல்லோரும் படிக்கத் தொங்க வேண்டும். ஆண்டுக்கணக்கிலே உழைத்த ஒப்பந்தத் தொழிலாளிக்கு நிரந்தரம் எப்போது என்று தேதி சொல்ல வேண்டும். ஏரிக்கு எவ்வளவு நீர், எந்தப் பருவத்திலே என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

இவற்றோடு இன்னொன்றும் இருக்கிறது. பழுப்பு நிலக்கரி வற்றாத ஊற்றல்ல. நாடு 2070க்குள் கரியுமிழ்வை நிகரச் சுழியம் ஆக்குவதாக 2021இலே உலகத்தின் முன்னே வாக்களித்திருக்கிறது. ஒருநாள் எந்திரங்கள் நிற்கும். சுரங்கத்தை மூடுவதற்கென்று திட்டமும் வைப்புத்தொகையும் வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தத் திட்டம் தமிழிலே அச்சாகி, கிராமசபையிலே படிக்கப்பட வேண்டும். கரி இருக்கும் வரை ‘மைன்’ என்று உரிமை பேசியவர்கள், கரி தீர்ந்த பிறகு கிடக்கும் பள்ளத்தையும் ‘மைன்’ என்று சொல்லிப் பொறுப்பேற்பார்களா? குறிஞ்சிப்பாடி இன்றைக்கே கேட்டு, எழுத்திலே பதில் வாங்கிக்கொள்ள வேண்டிய கேள்வி அது!