மூலம் பொது, உரை உரியவருக்கு

மார்கழித் திங்களில் திருமலையில் சுப்ரபாதத்திற்கு மாற்றாகத் திருப்பாவையே ஓதப்படுகின்றது. அலிபிரிப் படிகளின் அடியில், தெலுங்கு நாட்டில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பத்தாராகிய நமக்கு இதனினும் பெருமை தருவது யாது? எனவே, முப்பது பாசுரங்களையும் பொருளோடு அச்சிட்டு நம் குழந்தைகளுக்கு வழங்க வேண்டும் என்னும் ஆவல் சங்கத்தார்க்கு எழுவது இயல்பே. அச்சகத்திற்குச் செல்லுமுன் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தைச் சிறிது அறிந்துகொள்வது நலம்.

ஆண்டாளின் பாசுரம் அனைவர்க்கும் பொது. அதனை அச்சிட எவரிடமும் இசைவு பெற வேண்டுவதில்லை. ஆனால், இக்காலத்தார் ஒருவர் எழுதிய உரை அவ்வாறன்று. ஆசிரியரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த ஆண்டிற்குப் பின் அறுபது ஆண்டுகள் வரையிலும் அதற்கு உரிமை உண்டு. 1970-இல் மறைந்தவரின் உரைக்கு 2030-ஆம் ஆண்டு முடியும் வரை காப்பு இருக்கும். இலவசமாகத்தானே வழங்குகின்றோம் என்பதனால் அவ்வுரிமை அற்றுப் போவதில்லை.

சட்ட நூலகத்திலும் இவ்வேறுபாட்டையே காணலாம். நீதிமன்றத் தீர்ப்பு மூலம் போன்றது. அதனை எவரும் வெளியிடலாம் என்று சட்டத்தின் 52-ஆம் பிரிவே கூறுகின்றது. தீர்ப்புத் தொகுப்பின் ஆசிரியர் தாமே வரைந்த தலைக்குறிப்பும் அடிக்குறிப்பும் உரை போன்றவை. ஈஸ்டர்ன் புக் கம்பெனி தொடுத்த வழக்கில் 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவுபடுத்தியது. பிழை திருத்துவது மட்டும் உரிமை தாராது. சிறிதளவேனும் சொந்த அறிவின் ஆக்கம் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை 2023 முதல் அந்நீதிமன்றமே இணையத்தில் இலவசமாக வழங்கி வருகின்றது. பொருள் செலவிட இயலாத மாணவர்க்கு இது பெருந்துணை.

அங்ஙனமாயின், உரிமையுள்ள நூலைத் தொடவே கூடாதோ என நேயர்கள் ஐயுற வேண்டாம். நியாயமான கையாளல் என்னும் விலக்கைச் சட்டமே அளித்துள்ளது. சொந்தப் படிப்பு, ஆராய்ச்சி, திறனாய்வு, மதிப்புரை, நடப்புச் செய்தி ஆகியவற்றிற்காக ஒரு நூலின் பகுதியை அளவோடு எடுத்தாளலாம். இத்தனை பக்கம் என்று சட்டம் வரையறுக்கவில்லை. எடுத்த அளவென்ன, எதற்காக எடுத்தோம், மூல நூலின் விற்பனைக்கு அது போட்டியாகுமா என்பவற்றையே நீதிமன்றம் நோக்கும். 1996-இல் கேரள உயர் நீதிமன்றம் ஒரு மலையாள நாடக வழக்கில் இவற்றையே அளவுகோலாகக் கொண்டது.

கல்விக்குத் தனிச் சலுகையும் உண்டு. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் பாடப் பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்து விற்ற ஒரு கடையின்மீது 2012-இல் மூன்று பெரும் பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. பாடம் கற்பித்தலின் பொருட்டு எடுக்கும் நகல் குற்றமாகாது என 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு அமர்வும், கற்பித்தலுக்குத் தேவையான அளவிற்கு நகலெடுக்கலாம் எனக் கூறி, அத்தேவையை ஆராயுமாறு வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2017-இல் பதிப்பகத்தார் வழக்கைக் கைவிட்டனர்.

நம் சங்கங்கட்கும் இச்சட்டத்தில் இடம் இருக்கின்றது. தொழிலாக அன்றி ஆர்வத்தால் நடிக்கும் மன்றத்தார், கட்டணம் பெறாமல் பிறர் எழுதிய நாடகத்தை மேடையேற்றலாம். ஆனால் அந்நாடகத்தை அச்சிட்டு விற்பதற்கு இவ்விலக்கு பொருந்தாது.

ஆகவே, பாசுரத்தைத் தயங்காது அச்சிடுவோம். பிறர் உரை வேண்டுமெனில் உரியவர்க்கு ஒரு கடிதம் எழுதி எழுத்து மூலமாக இசைவு பெறுவோம். அதனினும் சிறந்த வழி ஒன்றுண்டு. நம் சங்கத்தில் தமிழறிந்த பெரியோர் இருக்கின்றனர். தெலுங்குப் பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகட்கு எந்தச் சொல் விளங்கும், எது விளங்காது என்பதை அவர்களைப் போல் அறிந்தவர் யாவர்? அவர்களே எளிய உரை எழுதுவாராயின், பிள்ளைகட்கும் பயன். எவர் உழைப்பையும் கவர்ந்த பழியும் நம்மைச் சாராது.