உயரமா, பயிற்சியா? – பஸ்ஸில் நடந்த ஒரு பட்டிமன்றம்

நம்மவர் நாலு பேர் கூடினால் பேச்சு கிரிக்கெட்டுக்குப் போகும். இல்லையேல் அரசியலுக்குப் போகும். சித்தூரிலும் திருப்பதியிலும் இருக்கும் எங்கள் சிறு கூட்டத்துக்கு மட்டும் கூடைப்பந்துதான் பேச்சு. திருப்பதியில் நானும் ஓய்வுபெற்ற வங்கி நண்பர் ஒருவரும். சித்தூரில் ஒரு பள்ளியின் பி.டி. மாஸ்டரும், நோட்டுப் புத்தகக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவரும். சென்னையில் ஆட்டம் என்றாலும் பெங்களூரில் ஆட்டம் என்றாலும் பஸ் ஏறிவிடுவோம். இரண்டு மாநகரங்களுக்கும் நடுவே குடியிருப்பதில் எங்களுக்குக் கிடைத்த லாபம் அது.

2017 ஜூலையில் பெங்களூர் கண்டீரவா உள்ளரங்கில் பெண்களுக்கான ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவு ஆட்டங்கள் நடந்தன. இறுதி ஆட்டத்தில் இந்தியா கஜகஸ்தானை 75–73 என்ற கணக்கில் வென்று முதல் பிரிவுக்கு உயர்ந்தது. அணியில் இருந்தவர்களில் மூத்தவர் சென்னைப் பெண்ணான அனிதா பால்துரை. பத்தொன்பது வயதிலேயே இந்திய அணிக்குத் தலைவியானவர். தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர். தாயான பிறகும் களத்துக்குத் திரும்பியவர். 2021இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. அன்று நாங்கள் தொண்டை கட்டும்வரை கத்தினோம் என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

திரும்பி வரும்போது பஸ் கோலார் தாண்டியதும் பட்டிமன்றம் தொடங்கிவிட்டது.

"ரெண்டே ரெண்டு பாயிண்ட்ல தப்பிச்சோம் சார்," என்றார் வங்கி நண்பர். "வளையம் பத்தடி உயரத்துல இருக்கு. நம்ம பொண்ணுங்க குள்ளம். மேல் பிரிவுல சீனாக்காரிங்க முன்னால என்ன பண்ண முடியும்? உயரமான பிள்ளைங்களைத் தேடிப் பிடிக்கணும். கீத்து அன்னா ஜோஸ் மாதிரி இன்னும் நாலு பேர் வேணும்."

கேரளத்தைச் சேர்ந்த கீத்து ஆறடி இரண்டு அங்குலம். 2011இல் அமெரிக்கப் பெண்கள் லீக் அணிகளின் தேர்வுக்குப் போய் வந்தவர். வங்கி நண்பரின் வாதத்துக்கு அவரே சாட்சி.

பி.டி. மாஸ்டர் விடவில்லை. "உயரம் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடும் சார். உள்ளே போகக் கை பேசணும். நம்ம பஞ்சாப் பையன் சத்னாம் சிங் ஏழடி ரெண்டு அங்குலம். 2015ல டல்லாஸ் அணி எடுத்துக்கிச்சு. ஆனா என்.பி.ஏ.வுல ஒரு ஆட்டம்கூட ஆடக் கிடைக்கலையே!"

இப்படியே வாதம் சித்தூர் வரை நீண்டது. அன்று வெற்றி மயக்கம். யாரும் யாரையும் ஒப்புக்கொள்ள வைக்கவில்லை.

2019 செப்டம்பரில் அதே பெங்களூரில் முதல் பிரிவு ஆட்டங்கள். இந்தியா ஒரு ஆட்டத்தில்கூட வெல்லவில்லை; எட்டு அணிகளில் எட்டாவது இடம். கோப்பையை வென்றது, உயரமான சீனாவை இறுதி ஆட்டத்தில் வீழ்த்திய ஜப்பான். அந்தப் பெண்களைப் பார்த்தபோது வங்கி நண்பரின் முகம் வாடியதைக் கவனித்தேன். அவர்களில் பலர் நம் பெண்களைவிடப் பெரிய உயரம் ஒன்றும் இல்லை. ஆனால் 6.75 மீட்டர் கோட்டுக்கு வெளியே நின்று மூன்று புள்ளிப் பந்துகளைச் சளைக்காமல் வீசினார்கள். பந்து கைக்கு வருமுன்பே அடுத்து யாருக்குக் கொடுப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

"இது எப்படி மாஸ்டர் வருது?" என்று திரும்பும் பஸ்ஸில் கேட்டேன்.

மாஸ்டர் சொன்னதை அப்படியே வாசகர்களுக்குத் தருகிறேன். ஜப்பானில் கம்பெனிகள் பெண்கள் அணி வைத்து லீக் ஆடுகின்றன. நம் நாட்டிலும் ரயில்வே போன்ற நிறுவனங்கள் வேலை கொடுத்துக் காப்பாற்றுகின்றன. அதனால்தான் பல வீட்டில் பெண்ணை ஆட விடுகிறார்கள். ஆனால் வேலைக்குப் பிறகு ஆண்டு முழுவதும் ஆட ஒரு நிலையான லீக் இங்கே வேரூன்றவில்லை. போட்டி வரும்போது முகாம், முடிந்ததும் கலைவு.

"அதைவிடப் பெரிய தப்பு அடியில இருக்கு," என்றார். "பெரிய பெண்களுக்கே ஆறாம் நம்பர் பந்துதான். நம்ம பள்ளிக்கூடத்துல பத்து வயசுப் பிள்ளை கையில ஆண்கள் ஆடுற ஏழாம் நம்பர் பந்தைக் கொடுத்து, பத்தடி வளையத்துல போடச் சொல்றோம். அது பாவம், இடுப்புலேருந்து ரெண்டு கையாலயும் தூக்கி எறியும். அந்தப் பழக்கம் இருபது வயசுலயும் போகாது. சின்னப் பிள்ளைகளுக்கு அஞ்சாம் நம்பர் பந்து, வளையம் 2.60 மீட்டர் – எட்டரை அடி. அதுலதான் கை சரியா படியும். குறி தப்புறது பெங்களூர்ல இல்ல சார், நம்ம பள்ளிக்கூடத்துல."

வங்கி நண்பர் மெல்ல, "அப்போ உயரமே வேணாங்கிறீங்களா?" என்றார். "வேணும் சார். ஆனா உயரத்தை நாம கொடுக்க முடியாது. பந்தையும் வளையத்தையும் கொடுக்கலாமே!"

அதுவரை வாய் திறக்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கடைக்கார நண்பர் அப்போதுதான் பேசினார். "என் பொண்ணு ஏழாவது படிக்கிறா. கிளாஸ்லயே உயரம். டீமுக்கு எடுத்திருக்காங்க. வீட்டுல, வெயில்ல கறுத்துப்போவா, டியூஷன் போயிடும், ஆடி என்ன ஆகப்போகுதுங்கிறாங்க. நான் இன்னும் கையெழுத்துப் போடலை. நீங்க எல்லாம் இவ்வளவு பேசறீங்களே, உங்க பொண்ணா இருந்தா அனுப்புவீங்களா சார்?"

கேள்வி பொதுவாகத்தான் வந்தது. ஆனால் என்னைத் தைத்தது. என் மகள் ஒன்பதாம் வகுப்பு வரை பள்ளி அணியில் ஆடியவள். பத்தாம் வகுப்புத் தேர்வு வருகிறதென்று ஷூவை எடுத்துப் பரண்மேல் போட்டவன் நான். தேர்வு முடிந்தும் இறக்கிக் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. இத்தனை ஆண்டுகளாக இந்திய அணியில் அது குறை, இது குறை என்று பேசிவந்த நான், அந்த அணிக்கு வேண்டியவர்கள் எப்போதும் அடுத்த வீட்டிலிருந்து வரவேண்டும் என்றே நினைத்திருக்கிறேன்!

சித்தூரில் அவர்கள் இருவரும் இறங்கிக்கொண்டார்கள். திருப்பதி வரை நானும் வங்கி நண்பரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த வாரம் கடைக்கார நண்பர் கையெழுத்துப் போட்டார். மாஸ்டர் தம் பள்ளி மைதானத்தில் ஒரு வளையத்தை எட்டரை அடிக்கு இறக்கிக் கட்டினார். ஐந்தாம் நம்பர் பந்துகள் வாங்க வங்கி நண்பரும் நானும் பணம் கொடுத்தோம். வங்கி நண்பர் கொடுத்தது என்னைவிட அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பான் பெண்கள் வெள்ளிப் பதக்கம் பெற்றார்கள். பிரான்ஸுக்கு எதிரான அரையிறுதியில் ருய் மச்சிடா என்ற 162 சென்டிமீட்டர் உயரப் பெண், தோழியர் புள்ளி எடுக்கும்படி பதினெட்டு முறை பந்தைக் கொடுத்து ஒலிம்பிக் சாதனை படைத்தார். வங்கி நண்பர் எனக்குப் போன் செய்து, "நான் தோத்துட்டேன் சார்," என்றார். அதே ஆண்டு அம்மானில் நம் அணி மறுபடி எட்டாவதாகி, இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அவர் தோற்றதில் எங்களுக்கு மகிழ்ச்சி இல்லை.

கடைக்கார நண்பரின் மகள் இந்திய அணிக்கு ஆடவில்லை. கல்லூரி அணிக்கு ஆடினாள். விடுமுறையில் சித்தூர் வரும்போது, மாஸ்டரின் சின்ன வளையத்தடியில் பிள்ளைகளுக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறாள். இடுப்பிலிருந்து எறிபவர்களைக் கண்டால் அவளுக்குக் கோபம் வருகிறதாம்.

அன்பர்களே, அணியைப் பற்றி வாதிடுங்கள். அதில் சுகம் உண்டு. அதற்கு முன் உங்கள் வீட்டுப் பரணை ஒருமுறை பாருங்கள். அங்கே ஒரு ஜோடி ஷூ இருந்தால், தயவுசெய்து இறக்கிக் கொடுத்துவிடுங்கள்.