முதியோர் நீரடைப்பும் நெருஞ்சிற் குடிநீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில், சிறுநீர் கழிக்க இடர்ப்படும் முதிய ஆடவர் நெருஞ்சில், சிறுபீளை முதலியவற்றை அவித்துக் குடிநீராக அருந்துதல் நெடுநாள் வழக்கமாகும். இவை சிறுநீரைப் பெருக்குவன எனச் சித்த மருத்துவம் கொள்ளும். ஆயின் ஈண்டு நாம் முதலில் நோக்கவேண்டியது அடைப்பின் காரணத்தையாகும்.

ஆடவரின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வழியைச் சூழ்ந்திருப்பது முன்னிற்கும் சுரப்பி. அகவை ஏற ஏற அது பருத்து அவ்வழியை நெருக்குகிறது. வழி நெருங்கிய நிலையில் நீரைப் பெருக்குவது பையை மேலும் நிரப்புமேயன்றி வழியைத் திறவாது. மேனாட்டார் போற்றிய சோ பல்மெட்டோ என்னும் பனையினப் பழச்சாறும், 2006, 2011 ஆம் ஆண்டுகளில் வெளியான அமெரிக்க ஆய்வுகளில் வெற்று மருந்தினும் மேம்பட்டதாகக் காணப்படவில்லை.

எனின் வீட்டு முறைகள் யாவும் வீணோ? அல்ல. மாலைக்குப்பின் தேநீரையும் கோப்பியையும் குறைத்தலும், குரக்கன், கீரை ஆகியவற்றை உண்டு மலச்சிக்கலைத் தவிர்த்தலும் துன்பத்தைத் தணிக்கும். ஆனால் நீர் முற்றாக அடைபடினும் குருதி கலப்பினும் உடனே மருத்துவமனையை நாடவேண்டும். புற்றுநோயும் இத்தகைய குறிகளுடன் வரக்கூடும்.

மானிப்பாயில் 1864 இல் மருத்துவர் கிறீன் தமிழிலே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். ஆதலின் இந்நோயைப் பேச நமக்கு மொழி இல்லாமலில்லை, நாணமே தடையாயுள்ளது. அதனை நீக்குதல் குடும்பத்தாரின் கடனாகும்.